குணசுந்தரியின் பத்து லக்ஸ்

கணவன் திருமுருகன் டிரெய்லர் லாரியில் நசுங்கிச் செத்த பதினேழாம் நாள், சாயங்காலம் ஆறே முக்காலுக்கு, குணசுந்தரியின் உடம்பில் வெளிச்சம் வந்தது. நெருப்பில்லை, சூடில்லை, பயப்படாதீர்கள் கண்ணுகளா. தோலுக்கு உள்ளேயிருந்து டியூப்லைட் மாதிரி வெள்ளையாக வந்தது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு ஷரீஃபுன்னிசா வந்து பார்த்தாள். திரும்பிப்போய் முறத்தை எடுத்துவந்து, அரிசியில் கல் பொறுக்க அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

திருமுருகன் செத்தது சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள வளைவில். அங்கே கம்பம் உண்டு, விளக்கு கிடையாது. சைக்கிளில் வந்த ஆள் கண்ணுக்குத் தெரியவில்லை என்று டிரைவர் சொன்னது பொய்யில்லை. மகள் சங்கமித்ராவும் தையல் கம்பெனி ஷிப்ட் முடிந்து அதே வளைவு வழியாகத்தான் வீட்டுக்கு வரவேண்டும். அந்தக் கம்பத்தில் ஒரு விளக்கு. குணசுந்தரிக்கு அதற்கு மேல் ஆசையில்லை. மாநகராட்சிக்கு நாலு மனு கொடுத்தாள். ஐந்தாவதற்கு மீட்டரோடு ஜெகதீசன் வந்தார். வெளிச்சம் அளக்கிற உத்தியோகத்தில் ஒருநாளும் பொய் எண் எழுதாதவர், எழுதச் சொன்ன காண்டிராக்டரிடம் அறை வாங்கியவர். ரோட்டில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு, வெள்ளைக் குமிழ் வைத்த மீட்டரைத் தரையில் வைத்து, தன் நிழல் விழாதபடி தள்ளி நின்று எண்ணைப் படிப்பார். விதிப்படி அந்த ரோட்டுக்குப் பத்து லக்ஸ் வெளிச்சம் வேண்டும். புருஷன் விழுந்த இடத்தைக் காட்ட குணசுந்தரி கூடவே போய் நின்றாள். மீட்டர் பன்னிரண்டு காட்டியது.

"இன்னாம்மா, வெளிச்சம் நல்லாத்தான கீது?"

"சார், அது நான் சார். லைட்டு இல்ல."

"எங்கேர்ந்து வருதுன்னு மீட்டரு கேக்காதும்மா."

அவள் ஓடிப்போய்ச் சுவருக்குப் பின்னால் ஒளிந்தாள். மீட்டர் அரைக்கும் கீழே இறங்கியது. ஜெகதீசன் நேர்மையானவர் இல்லையா, இரண்டையும் எழுதினார்: பெண் இல்லாதபோது இருட்டு, பெண் இருந்தால் பன்னிரண்டு. மூன்று மாதம் கழித்து மேலிடத்திலிருந்து ஒரு வரி பதில் வந்தது. பெண் இருக்கவும்.

மகள் வருகிற வழியாயிற்றே, இருந்தாள். கம்பத்தில் வரிசை எண் பதினாலு என்று பெயிண்ட் அடித்தார்கள், அவள் புடவையில் அதே எண்ணைக் குத்தினார்கள். மழைக்காலத்தில் ஈசல் மொய்த்தது. ஷேர் ஆட்டோக்காரர்கள் "குணா லைட்டு, குணா லைட்டு எறங்கு" என்று கூவினார்கள். ஆறு வருடம் அந்த வளைவில் ஒரு நாய்கூடச் சாகவில்லை. ஏழாம் வருடம் தமீம் என்கிற ஆட்டோக்காரன், "யக்கா, பியூஸ் போனா நீ இன்னா பண்ணுவ?" என்று கேட்டதற்கு, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த வருடம் சிரிப்பு அடிக்கடி வந்தது, ராத்திரிகளில் லேசாகத் தூக்கமும் வந்தது. ஜெகதீசன் அளந்தபோது ஏழு. அதே வாரம் ஷரீஃபுன்னிசாவின் மகன் நசீரின் கால் டிரெய்லருக்கு அடியில் போனது.

கோப்புக்காக ஜெகதீசன் பழைய மனுவைச் சத்தமாகப் படித்தார். திருமுருகன் என்ற பெயர் வந்த இடத்தில் மீட்டர் ஏழிலிருந்து எட்டரைக்கு ஏறியது. பார்த்தவர்கள் புரிந்துகொண்டார்கள். அன்றிலிருந்து அந்த வழியே போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று, அவன் எப்படிச் செத்தான் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். செருப்பு எவ்வளவு தூரம் போய் விழுந்தது, எத்தனை பேர் சேர்ந்து சக்கரத்தை நகர்த்தினார்கள் என்றெல்லாம். தெரிந்தது தீர்ந்ததும் இட்டுக்கட்டிச் சொன்னார்கள். "கடசியா ஒன் பேரத்தான் சொல்லிக் கத்துனாரு" என்று ஷரீஃபுன்னிசா சொன்னாள். மகனுக்குக் கக்கத்துக் கட்டை வாங்கிவந்த நாள் அது. யாருக்கும் குணசுந்தரிமேல் கோபமில்லை. எல்லோரும் வீடு போய்ச் சேரவேண்டும்.

சொன்னதையே கேட்டுக் கேட்டு அதுவும் மங்கியது. அடுத்த அளவையன்று மீட்டர் ஒன்பதில் நின்றது. ஜெகதீசன் பேனாவைத் திறந்தார். ஷிப்ட் முடிந்து வந்த சங்கமித்ரா, இத்தனை வருடம் வாய்க்குள்ளேயே வைத்திருந்ததை எடுத்தாள்.

"யம்மா, அன்னிக்கு சண்ட போட்டு நீ சோறு கட்டாம அனுப்புன. பசியிலதான் நைனா அவ்ளோ வேகமா மிதிச்சுகினு வந்தாரு."

பதினாறு. ஜெகதீசன் விதிக்கு உட்பட்டது என்று எழுதி, மீட்டரை உறையில் போட்டார். சங்கமித்ரா இரண்டு பக்கமும் பார்த்து, தன் நிழல் முன்னால் நீள, ரோட்டைக் கடந்து வீட்டுக்குப் போனாள். ஈசல்கள் வரத் தொடங்கின.