கலண்டர் சொன்ன பெருநாள்

மாத்தளைக்குப் பக்கத்தில் பலாபத்வலச் சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருந்த பதுர்தீனுக்கு எதையும் முந்திக்கொண்டு செய்தாக வேண்டும். அந்த அவசரம்தான் அவரை மாட்டிவிட்டது.

அகில இலங்கை அமெச்சூர் கரப்பந்து லீக்கில் ஆடிய ஊர்க் கழகத்துக்கு அவர்தான் செயலாளர். நீர்கொழும்புக் கழகத்தோடு கடைசி ஆட்டம் சொந்த மைதானத்தில். நாள் கேட்டுக் கொழும்பு லீக் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்ததும் சுவர்க் கலண்டரைப் பார்த்தார். நோன்புப் பெருநாள் சனிக்கிழமை என்று போட்டிருந்தது. அப்படியானால் மறுநாள் ஞாயிறு, காலை எட்டேகால் என்று அன்றைய தபாலிலேயே எழுதிப் போட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை மாத்தளை வானம் இருண்டு கொட்டியது. நாட்டில் எங்குமே பிறை தென்படவில்லை என்று ரேடியோ சொன்னது. பெருநாள் ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விட்டது. தொழுகை முடியவே எட்டு மணியாகும். அதற்குப் பிறகு குத்பாப் பிரசங்கம் அரைமணி நேரம். ஆடும் ஆறு பேரில் மூன்று பேர் பள்ளிவாசலில் இருப்பார்கள்.

ஒரே ஆண்டில் இரண்டு தடவை ஆட வராத கழகத்தை லீக்கிலிருந்து வெட்டிவிடுவது சட்டம். ஜூலையில் பஸ் பழுதாகி ஒரு தடவை ஏற்கெனவே தவறிவிட்டது. லீக்குக்கு அவர் அடித்த தந்திக்கு, ஆட்ட நாளை மாற்ற முடியாது என்று சனிக்கிழமை பதில் வந்தது.

அணித்தலைவர் ஜெயரட்ணம், அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் கிளார்க், யாழ்ப்பாணத்துக்காரர். அவர் சத்தம் போட்டிருந்தாலாவது தேவலை. அண்ணன் முறையில் ‘நானா’ என்று அழைத்து மெதுவாகத்தான் கேட்டார்.

“பிறை பாத்துப் பெருநாள் எடுக்கிற ஆக்கள் நீங்கள். கலண்டரைப் பாத்தோ, நானா, நாள் குடுத்தனீங்கள்?”

சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

ஞாயிறு காலை தொழுகை முடிந்து சலாம் கொடுத்த கையோடு மூன்று பேரையும் பக்கக் கதவால் போகச் சொன்னார். அவர்களில் ஜுனைதீன் தயங்கினான். “குத்பாவுக்கு இருக்காம போனா ஏசுவாங்க, நானா.”

“எனக்குத்தான் ஏசுவாங்க. நீங்க ஓடுங்க.”

தான் மட்டும் முன்வரிசையில், பள்ளிவாசல் நிர்வாகத்தில் நம்பிக்கையாளரான மாமனார் மீராசாஹிபின் பக்கத்தில், நல்லபிள்ளையாக உட்கார்ந்துகொண்டார். வேர்வை துடைக்க லேஞ்சியைத் தேடிச் சட்டைப்பைக்குள் கையை விட்டார். கையில் தட்டுப்பட்டது வீரர்களின் பதிவு அட்டைக் கட்டு. அட்டை இல்லாதவன் வராதவன் என்பதுதான் நடுவரின் கணக்கு.

சுவர்க் கடிகாரத்தில் எட்டு எட்டு. இத்தனை முழங்காலையும் தாண்டிப் போவதா? மாமனார் இருக்கும் காலம்வரை இதைச் சொல்லிக் காட்டுவாரே. பதுர்தீன் எழுந்துவிட்டார். பின்னால் மீராசாஹிப் செருமியது மௌலவியின் குரலுக்கு மேலால் கேட்டது. செருப்பைத் தேட நேரமில்லை. புதுச்சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, சேற்றில் வெறுங்காலோடு ஓடினார்.

மைதானத்தில் ஆறு பேரும் வரிசையில் நின்றார்கள். நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், விசில் வாயில் இருந்தது. பதுர்தீன் அட்டைகளை நீட்டினார். பேச மூச்சில்லை. நடுவர் ஒவ்வொரு முகமாக ஒத்துப்பார்த்து முடித்தபோது எட்டு பதினான்கு.

விசில் ஆட்டத்துக்கு ஊதப்பட்டது.

மூன்று செட்டும் தோற்றார்கள். முப்பது நோன்பு பிடித்த ஜுனைதீனால் வலைக்கு மேலே எழும்பவே முடியவில்லை. எழும்பியிருந்தாலும் வென்றிருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

வலைக் கம்பத்தடியில் குந்தியிருந்த பதுர்தீனிடம் ஜெயரட்ணம் வந்தார். சேறு அப்பிய அவருடைய கால்களைப் பார்த்தார்.

“அடுத்த வருசம் நாள் குடுக்கிறது நான்.”

பதுர்தீன் தலையாட்டினார். அடுத்த வருசம் என்று அவர் சொன்னதே போதும். ஒரு மாதத்துப் பசியும் அப்போதுதான் தெரிந்தது, கண்ணும் கலங்கியது. செருப்பு இன்னும் பள்ளி வாசற்படியில் கிடந்தது. அதன் பக்கத்தில் மாமனார் காத்துக்கொண்டிருப்பார்.