ஒன்பது கோட்டை நெல்லுக்கு அடியில்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பகவதியம்மாள் என் வீட்டு வாசலில் நின்று சொன்னாள், நான் கேட்டேன். நான் பூதப்பாண்டியில் பிரமாணம் எழுதுகிறவன். நிலம் வாங்க, விற்க, ஒத்தி வைக்க, மீட்க எவரானாலும் பத்திரம் எழுத என்னிடம்தான் வருவார்கள். கதை எழுதிப் பழக்கமில்லை. எழுதினால் ஆட்களெல்லாம் ‘மேற்படியார்’ ஆகிவிடுகிறார்கள். ஆனால் பத்து நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: ‘கொல்லம் ஆண்டு 1130 ஐப்பசி மாதம் மேற்படி பகுதியில் பெய்த மழையினால்...’

(இது தாசில்தாருக்குப் போகிற மனு. வேண்டாம்.)

அடுத்தது: ‘வானம் அழுதது.’

(அழவில்லை. நானும் ஊரில்தானே இருந்தேன்? கொட்டியது.)

மூன்றாவது: ‘பகவதியம்மாளுக்கு வெள்ளத்தைவிட ஒரு காகிதத்தை நினைத்துத்தான் பயம்.’

இது இருக்கட்டும்.

2

அது என்ன காகிதம்? அவளுக்கும் புருஷன் சிவதாணுவுக்கும் இருந்தது ஒரே ஒரு வயல். ஆறு வருஷமாக அது வைகுண்டராஜன் என்பவரிடம் ஒத்தியில் கிடந்தது. ஒத்தி என்றால் தெரியுமல்லவா? பணம் கொடுத்தவன் நிலத்தில் விளைவதை எடுத்துக்கொள்வான். பணம் வாங்கியவன் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான்.

1129 மாசியில் பகவதி தன் இரட்டைவடச் சங்கிலியை விற்று வயலை மீட்டாள். வைகுண்டராஜன் ஒத்திப் பிரமாணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதன் பின்பக்கம் ‘பணம் முழுவதும் பற்றினேன், நிலத்தை விட்டொழிந்தேன்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். இனி அதைப் பதிவாபீசில் பதிய வேண்டும். பதிகிற வரைக்கும் இந்தப் பூலோகத்தில் அந்த ஒரு கையெழுத்துத்தான் சாட்சி.

எங்கே வைப்பது? பெட்டியில் வைத்தால் கள்ளன். உத்தரத்தில் சொருகினால் கறையான். நாஞ்சில் நாட்டு மூளை வேறெங்கே போகும்? பத்தாயத்துக்குத்தான் போனது. நெல் போட்டு வைக்கிற ஆள் உயர மரப்பெட்டி அது. அப்போது காலியாகக் கிடந்தது. காகிதத்தைப் பாக்குப் பாளையில் சுற்றி, உள்ளே இறங்கி, அடித்தட்டின் பின்மூலையில் வைத்தாள். ஆவணி அறுப்பு முடிந்ததும் மீண்ட வயலின் முதல் நெல், எங்கள் பக்கத்து அளவில் ஒன்பது கோட்டை, அதன்மேல் விழுந்தது. இனிமேல் கள்ளன் வந்தால் யானையோடுதான் வரவேண்டும் என்று சிவதாணு சிரித்தான்.*

* நாங்கள் கள்ளனுக்குப் பயப்படுவோம், கறையானுக்குப் பயப்படுவோம். தண்ணீர் எங்களுக்குச் சோறு போடுகிற சாமி. சாமி வீட்டுக்குள் ஏறி வரும் என்று யார் கண்டார்கள்?

3

ஐப்பசி மழையில் குளத்தங்கரை கசிகிறது, வீட்டுக்கு ஓர் ஆண் வரவேண்டும் என்று தமுக்கு அடித்துவிட்டார்கள். சிவதாணு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினான். நேரம் மத்தியானம் மூன்று மணி. பிள்ளைகள் இருவரையும் பக்கத்து வீட்டு முத்துக்கனியோடு மேட்டிலிருக்கிற கோயிலுக்கு ஏற்றிவிட்டு, பகவதி மட்டும் வீட்டில் நின்றாள்.

வாசற்படியைத் தாண்டி ஒரு விரல் அகலத்துக்குத் தண்ணீர் உள்ளே வந்தது. தூசியைத் தள்ளிக்கொண்டு பூனை மாதிரிச் சத்தமில்லாமல் வந்தது.

பத்தாயத்தின் அடியில் நெல் இறக்க ஒரு சின்னக் கதவு உண்டு. அதைத் திறந்தால் நெல்லெல்லாம் ஈரத் தரையில் கொட்டும். மாசி வரைக்கும் பிள்ளைகளுக்குக் கஞ்சி அந்த நெல்தான். திறக்காவிட்டால் காகிதம் உள்ளேயே கிடக்கும். கதவுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதலில் நான் இப்படி எழுதினேன்: ‘அவள் கட்டையை இழுத்தாள். நெல் சரிந்தது. தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவினாள். பாளை விரலில் தட்டியது.’

எழுதியதும் எனக்கே பெருமூச்சு வந்தது. பிறகு அவள் வீட்டுக்குப் போய்ப் பத்தாயத்தை அளந்து பார்த்தேன். அந்த மூலைக்குக் கை எட்டாது. எழுதிய தாளைக் கிழித்துப் போட்டேன்.

மறுபடியும்: ‘அந்த நேரம் சிவதாணு ஓடிவந்து...’

(வரவில்லை. இடுப்பளவு சேற்றில் நின்று மண்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தான்.)

நடந்தது இதுதான். பிள்ளைகளைக் கோயிலில் விட்டுத் திரும்பி வந்த முத்துக்கனியின் சத்தம் வெளியே கேட்டது. “ஏட்டீ பகவதி! கரை ஒடஞ்சாச்சுட்டீ! நெல்லாவது மண்ணாவது, ஓடி வாட்டீ!”

பகவதி கட்டையை இழுக்கவில்லை. கஞ்சியை நினைத்தாள். ஆயினிமரப் பலகை, நல்ல ஆசாரி செய்தது, தண்ணீர் புகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முழங்கால் தண்ணீரில் ஓடினாள்.

4

வெள்ளம் வடிய நான்கு நாள் ஆயிற்று. வீட்டுக்குள் நுழையும்போதே புளித்த வாடை. குடித்த தண்ணீரில் நெல் ஊதிப் பத்தாயத்தின் பலகைகளைப் பிளந்திருந்தது. ஒன்பது கோட்டையும் முளைத்துப் போயிருந்தது. வீட்டுக்குள் ஒரு நாற்றங்கால். பகவதி அதில் மண்டியிட்டுத் தோண்டினாள். பாளை கிடைத்தது. உள்ளே இருந்தது கூழ். ஓர் எழுத்துகூட மிச்சமில்லை.

வைகுண்டராஜனைக் கெட்டவராக்கினால் எனக்குக் கதை சுலபம். நாலு பேர் ‘அடப்பாவி’ என்பார்கள், முடிந்தது. மனுஷன் நல்லவர், என்ன செய்ய? விஷயம் கேட்டதும் தானாகவே வந்து சொன்னார்: “பயராத மக்கா, நான் உயிரோட இருக்கேம்லா. வெள்ளத்துல பூட்டுன ஆபீசு தொறக்கட்டும். வந்து ஒப்பு போட்டுத் தாறேன்.”

ஆபீஸ் திறப்பதற்கு முதல் நாள் விஷக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்.

(இந்த இடத்தில் அவருக்கு ஒரு நாள் கூட்டிக் கொடுத்துப் பார்த்தேன். ஒரே ஒரு நாள். எழுதிவிட்டு, அவருடைய பதினாறாம் நாள் சடங்கில் சாப்பிட்ட வாயால் பொய் சொல்கிறோமே என்று அடித்துவிட்டேன்.)

அருமனையிலிருந்து அவருடைய வாரிசான மருமகன் கிருஷ்ணமணி வந்தார். அவரும் கெட்டவர் இல்லை. “ஆபீசில ஒத்தி இருக்கு, தீர்ந்ததாட்டு எழுத்து இல்ல. வயலு உங்க கையில இருக்குன்னா, மாமா குத்தகப் பாட்டத்துக்கு விட்டிருப்பாரு. கடுதாசி இருந்தா காட்டுங்க, இப்பமே போயிருதேன்” என்றார்.

காட்டக் காகிதம் இல்லை. வழக்குப் போட்டார்.

5

இப்போது நான் எட்டு தடவை எழுதி அடித்த வாக்கியம்.

‘பதிவுசெய்வதற்காகப் பகவதியம்மாள் மாசியிலேயே எழுத்துக்காரனிடம் போனாள். எழுத்துக்காரன் உடம்பு சுகமில்லாமல்...’

(பொய்.)

‘மேற்படி எழுத்துக்காரன் வேலை மிகுதியினால்...’

(இதுவும் பொய்.)

எழுத்துக்காரன் நான். முத்திரைக்கும் கூலிக்குமாகப் பதினாறு ரூபாய் வாங்கினேன். அந்தப் பணத்தில் மழைக்கு முன்னால் என் வீட்டுக்கு ஓடு மாற்றினேன். அவள் வந்து கேட்டபோதெல்லாம் முதலில் சித்திரை கழியட்டும் என்றேன், பிறகு அடுத்த மாசி அறுப்பு முடியட்டும் என்றேன். “சரி அண்ணாச்சி” என்று அவள் ஒவ்வொரு தடவையும் காகிதத்தை மடித்துக்கொண்டு போனாள். வெள்ளத்தில் என் வீட்டில் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

அந்தக் கையெழுத்தை இரண்டு தடவை வாசித்தவன் நான். வாசித்தவர்களில் அந்தக் குடும்பத்துக்கு வெளியே உயிரோடிருப்பவனும் நான் ஒருவன்தான்.

6

பத்து நாளுக்கு முன் வந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்.

“அண்ணாச்சி, வாற திங்கக்கிழம நாகருகோயில் கோர்ட்டுல விசாரணை. கடுதாசியக் கண்டேன்னு நீரு ஒரு வார்த்த சொன்னாப் போரும்.”

“கண்டேன்னா, எப்பம் கண்டேன்னு வக்கீல் கேப்பான். மாசியிலன்னா, பொறவு ஏன் பதியல்லன்னு கேப்பான். எனக்கு லைசன்ஸ் போயிரும் பகவதி. எனக்கும் குடும்பம் இருக்கு.”

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

“அந்த ரூவாக் காரியம் நான் வாய் தொறக்கமாட்டேன் அண்ணாச்சி. நாந்தான் மறந்துட்டேன்னு சொல்லுகேன். நீரு பயராதேயும்” என்றாள்.

7

முடிவு (அ): எழுத்துக்காரன் கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சொல்கிறான். வயல் அவளுக்கு. அவன் சட்டையைக் கழற்றிவிட்டு நாற்று நடப் போகிறான்.

முடிவு (ஆ): எழுத்துக்காரனுக்கு அன்று காய்ச்சல். கிருஷ்ணமணிக்குத் தீர்ப்பாகிறது. யாரும் அவனை ஒன்றும் கேட்பதில்லை.

முடிவு (இ): போகிறான், ‘கண்டேன்’ என்கிறான். அவள் ‘நாந்தான் மறந்துட்டேன்’ என்று அவனுக்காகப் பொய்ச்சத்தியம் செய்வதைக் கேட்டுக்கொண்டு...

(முடிக்க முடியவில்லை.)

இன்று திங்கட்கிழமை. ஏழு மணி பஸ்ஸில் போனால்தான் கோர்ட்டுக்கு நேரத்துக்குப் போகலாம். ஆறே முக்காலுக்கே சிவதாணுவும் அவளும் வந்து வாசலில் நிற்கிறார்கள். “அண்ணாச்சி, வாறேரா?” என்று ஒரு தடவைதான் கேட்டாள். சட்டை போட்டாகிவிட்டது. எழுத்தை நிறுத்தினால் எழுந்திருக்க வேண்டும், அதனால் எழுதிக்கொண்டே இருக்கிறேன். இந்த வரியையும் எழுதுகிறேன். இதற்கு அடுத்ததையும் எழுதுகிறேன். வாசிக்கிறவரே, உங்கள் கை எட்டுமானால் இந்தப் பேனாவை என்னிடமிருந்து பிடுங்கிவிடுங்கள்.