துடைக்கக் கூடாத படகு

திருத்துறைப்பூண்டி ஆஷிகா இரண்டு வருடமாக கணினிக்கான ஒரு தமிழ் நிரல்மொழியை உருவாக்கி வந்தாள். அதில் படகு, வலை, ஆள் என எதையும் தனித்தனிப் பொருளாக எழுதி, ஒன்றுக்கொன்று சேதி அனுப்பச் செய்யலாம். ஒரு நாள் முழுக்கச் சேதி வராத பொருளை மொழியே நினைவகத்திலிருந்து துடைத்துவிடும். அதனால்தான் பழைய போனிலும் அது பறந்தது. அவளுக்கு அதில் தனிப் பெருமை.

கோடியக்கரைத் தோழி தர்ஷினி, கடலுக்குப் போன படகுகளுக்கு அந்த மொழியில் ஒரு பட்டியல் எழுதிப் பார்த்தாள். மூன்றாம் நாள் போனும் கையுமாக வந்து நின்றாள்.

"எங்கண்ணன் படகு எங்கடி?"

"சேதி வரலல்ல, அதான் துடைச்சிருக்கும்."

"ஆழத்துல சிக்னலு ஏதுடி? சேதி வரலன்னா ஆளே இல்லேன்னு ஆயிடுமா? எங்க அண்ணிகிட்ட வந்து சொல்லு பாப்போம்!"

ஆஷிகாவுக்குச் சுருக்கென்றது. "சரி, அஞ்சு நாள்னு மாத்திரட்டுமா?"

"அண்ணி என்ன நாள் எண்ணிக்கிட்டா நிக்கிது? வர்ற வரைக்கும்டி."

அன்றே ஆஷிகா விதியை மாற்றினாள். ஒரு பொருளின் பதிலுக்கு இன்னொன்று காத்திருக்கும்வரை அதைத் துடைக்க முடியாது. மொழியின் வேகம் பாதியானது. படகுக்குக் காத்திருக்கும் ஆளாக அண்ணியையும் சேர்த்துத் தர்ஷினி மறுபடி எழுதிய பட்டியல் மெல்லத் திறந்தது. அண்ணன் படகு தன் இடத்தில் இருந்தது.

"ரொம்ப மெதுவாயிடுச்சுடி" என்றாள் ஆஷிகா, மனசில்லாமல்.

"பத்து நாளானாலும் பாத்துக்கிட்டு நிக்கிறவங்களுக்குப் பத்து செகண்டு ஒரு மெதுவா?"