தொப்பிக்கு மேல் நின்ற மரம்

பனிமுடி தரித்த பெருமலைகள் மூன்று புறமும் காவல் நிற்க, அவற்றின் காலடியில் பச்சைக் கண்ணாடியை உருக்கி ஊற்றினாற்போல் ஏரி விரிந்து கிடக்க, சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கனுக்கு அப்பாலுள்ள அந்தப் புல்வெளியில் இளவேனிற் காலை ஓசையின்றி வந்து அமர்ந்தது. நாள்தோறும் கழுத்துமணி குலுக்கி மேற்சரிவில் மேயும் மாடுகள், அன்று ஏனோ கீழிறங்கி, வெளியின் மறுகோடியில் ஒன்றையொன்று நெருக்கி நின்றன. பறவை ஒன்றும் பாடவில்லை. நல்லறிவு படைத்தோர் இதுகண்டு ஐயுற்றிருப்பர், அங்கிருந்தோரோ ஓவியர்கள்.

அருட்செல்வன் மலைக்கு முதுகு காட்டி அமர்ந்து, ஏரிமேல் நடுங்கும் ஒளியை அது மறையுமுன் தீட்டிவிட விரைந்துகொண்டிருந்தார். வாரமெல்லாம் விடுதியில் வெங்காயம் அரியும் அந்தக் கை, ஓய்வுநாட்களில் தூரிகை பிடித்தால் உலகையே மறந்துவிடும். எதிரே அவர் மனைவி சிவகலா, ஓவியம் தீட்டும் கணவரையே ஓவியமாகத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

தன் கைத்திறன்மேல் அவளுக்கே பெருமதிப்பு இல்லை. அவள் வரைந்த பசுவை விருந்தினர் ஒருவர் அழகிய சாய்வு நாற்காலி என்று புகழ்ந்துபோனதுண்டு. ஆகவே, இருவரும் நேற்றைய குழிகளிலேயே இருக்கையின் கால்களைப் பொருத்தி அமர்ந்திருந்தும், நேற்றுக் கணவரின் தொப்பிக்கு மேலே தீட்டிய ஒற்றை ஊசியிலை மரம் இன்று அவர் காதருகே நிற்கக் கண்டபோது, பிழை தன்னுடையதே என்று நாணினாள்.

“இஞ்சருங்கோ, நேற்று மரத்தை மேலை கீறிப்போட்டன் போல கிடக்கு.”

“நீர் கீறினா மரமும் நடக்குந்தானே. அழிச்சுப்போட்டுக் கீறும்,” என்றார் அவர், தலை நிமிராமல்.

அழிக்கத் தூரிகையை உயர்த்தினாள். உயர்த்திய கை அப்படியே நின்றது. காதருகே நின்ற மரம், அவள் பார்த்திருக்கும்போதே, சாயாமல், நின்ற நிலையிலேயே, அவர் தோளுக்கு இறங்கியது. யாரோ அரிசி புடைப்பதுபோல் மேலே சிறுகற்கள் சலசலத்தன.

“எழும்புங்கோ. மலை இறங்கி வருது.”

“வெளிச்சம் போயிடும், கலா. அஞ்சு நிமிசம்.”

கெஞ்சினால் எழுகிற மனிதரல்லர் என்பதை இல்லறம் அவளுக்குக் கற்பித்திருந்தது. பாய்ந்து சென்று, ஈரம் காயாத அவர் ஓவியத்தைப் பறித்து மார்போடு அணைத்துக்கொண்டு, மாடுகள் நின்ற திசையில் ஓடினாள். மலைக்கு எழாதவர் ஓவியத்துக்கு எழுந்தார்.

“விசரே உமக்கு? வானம் அழியுது, வானம் அழியுது,” என்று ஏசிக்கொண்டே பின்னால் ஓடிவந்தவர், மாடுகளை எட்டியபோதுதான் அந்தப் பேரிடியைக் கேட்டார். புழுதி அடங்கித் திரும்பிப் பார்க்கையில், அவர்கள் அமர்ந்திருந்த இடத்தில் பாறைகள் அமர்ந்திருந்தன. அவருடைய வானநீலம் முழுவதும் அவள் மேலாடையில் இருந்தது.

தம் ஓவியத்தை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு, “உம்மடை படம்?” என்றார்.

“அங்கை கிடக்கட்டும்.”

அது இன்றும் அங்கேயே கிடக்கிறது. அந்தப் படத்தில், ஒளி மங்குமுன் முடித்துவிட விரையும் ஒருவர், அக்கற்களின் கீழே, இன்னும் மலைக்கு முதுகு காட்டியே அமர்ந்திருக்கிறார்; அவர் தொப்பிக்கு மேலே அம்மரமும் இன்னும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.