துவைகல்லும் நான்கு தூண்களும்

குடியாத்தம் பக்கம் இடித்த ஒரு பழைய வீட்டிலிருந்து நான்கு கல்தூண்களை லாரியில் ஏற்றி வந்து இறக்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் என் வீட்டுக்காரர் மனை தேட ஆரம்பித்தார். லாடம் கிடைத்ததென்று குதிரை வாங்கப் போன கதை. பஜாரில் எங்கள் பாத்திரக் கடை நன்றாக ஓடிக்கொண்டிருந்த அறுபத்தாறாம் வருஷம் அது. முன்பக்கம் கல்தூண், உள்ளே மொசைக் தரை, மேலே கான்கிரீட் என்று பழசும் புதுசும் கலந்து ஒரு வீடு கட்ட வேண்டும் என்பது அவர் ஆசை.

எனக்கு ஆசை இல்லை, பயம்தான் இருந்தது. நான் இதே ஊரில் தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருக்கும் நந்திதுர்க் லைன் வீட்டில் பிறந்தவள். தட்டிச் சுவர், தகரக் கூரை. சுரங்கத்துக்குள் பாறை வெடித்தால் மேலே வீடே குலுங்கும். அதை நாங்கள் பர்ஸ்ட் என்போம். அடுக்குப் பானையெல்லாம் உருளும், எல்லோரும் தெருவுக்கு ஓடுவோம். சில சமயம் ஒன்று அடங்குவதற்குள் இன்னொன்று வரும். தகரம் தலையில் விழுந்தால் காயத்தோடு போகும். கான்கிரீட் விழுந்தால்? என் மகள் மாலாவுக்கு ஏழு வயது. இதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

பிளான் போட வந்தவர் கோரமண்டல் பக்கத்து ஜெயகரன். சுரங்க ஆபீசில் டிராஃப்ட்ஸ்மேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் காகிதச் சுருளோடு சைக்கிளில் வருவார்.

"நடு முற்றத்தை மூடிடலாம் சார். மழை வருது, காக்கா வருது" என்றார் என் வீட்டுக்காரர்.

"மூடினா நானும் என் பொண்ணும் இந்த வூட்டுக்கு வரமாட்டோம். ஆடினா எங்க ஓடறது?" என்றேன்.

ஜெயகரன் பென்சிலைக் கீழே வைத்தார். "அக்கா சொல்றது கரெக்ட். தலைக்கு மேல ஒண்ணும் இல்லாத எடம் வூட்டுக்குள்ளயே இருக்கட்டும். எனக்கு இந்த போர்டிகோ மேலதான் பயம். இது மரவிட்டத்துக்குச் செஞ்ச தூணு. மூணு துண்டு, ஒண்ணு மேல ஒண்ணு நிக்குது, உள்ள கம்பி கிடையாது. கான்கிரீட் வெச்சா வெயிட்டு தாங்கும். ஆட்டம் தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது. கம்பி போட்டு நாலு கம்பம் குடுத்துடலாங்க."

"அப்போ தூணை இன்னா பண்றது? மாடு கட்டவா?" என்று சிரித்தார் இவர்.

கடைசியில் சண்டையில் ஆளுக்குப் பாதி ஜெயித்தோம். அவருக்குப் போர்டிகோ, எனக்குத் திறந்த முற்றம். முற்றத்தின் நட்டநடுவே ஒரு துவைகல்லைப் போடச் சொன்னேன். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். குழந்தைக்கு அடையாளம் வேண்டாமா?

அன்றிலிருந்து ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் ஒரு கேள்வி.

"வூடு ஆடினா எங்க ஓடுவ?"

"கல்லாண்ட."

"போர்டிகோ பக்கம்?"

"போமாட்டேன்."

"அம்மா எங்க இருப்பேன்?"

"நீயும் கல்லாண்ட இருப்ப."

நான்கு மாதம் பூமி சும்மா இருந்தது. அது சும்மா இருக்க இருக்க நான் கேள்விகளைக் கூட்டிக்கொண்டே போனேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வந்து மாலா முற்றத்தில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். இவர் கடையில். நான் சமையலறையில் டீக்குத் தண்ணீர் வைத்தேன். காலுக்கடியில் ஓர் உறுமல் கேட்டது. அடுத்த நொடி தரை எகிறியது. அலமாரியிலிருந்த பித்தளையெல்லாம் ஒரே சத்தமாக இறங்கியது.

ஓடினேன். எங்கே ஓடினேன் என்று எனக்கே தெரியாது. நின்றபோது தெருவில் நின்றேன். சமையலறையிலிருந்து நாலு எட்டில் முற்றம். அந்தத் துவைகல்லைத் தாண்டித்தான், என் மகளைத் தாண்டித்தான் வந்திருக்கிறேன். போர்டிகோவுக்கு அடியில் புகுந்து வந்திருக்கிறேன். சின்ன வயசிலிருந்து லைன் வீட்டில் பழகிய கால், என்னைக் கேட்காமலே வாசலுக்கு ஓடிவிட்டது. ஊருக்குத்தான் உபதேசம்.

திறந்த கதவு வழியாக மாலா தெரிந்தாள். கல்லின் மேல் ஏறி நின்று, "அம்மா! இங்க!" என்று கத்தினாள். நான் வரவில்லை என்றதும் கல்லைவிட்டு இறங்கினாள்.

"வராத! அங்கேயே நில்லுடி!"

தெருவே கூச்சலாக இருந்தது. அவள் காதில் விழவில்லை. கூடத்தைத் தாண்டி வந்துவிட்டாள். போர்டிகோவுக்கு அடியில் வந்ததும் தலையில் தூள் உதிர, நின்று அண்ணாந்து மேலே பார்த்தாள். இடது பக்கத் தூணின் நடுத்துண்டு நான்கு விரல் வெளியே வந்திருந்தது. அப்படி ஓடிய என் கால், இப்போது ஓர் எட்டு நகர மறுத்தது. முருகா, முருகா என்று உதடு மட்டும் அசைந்தது.

அவளே வெளியே வந்தாள். வந்து என் கையைப் பிடித்து வீட்டுப் பக்கமாக இழுத்தாள்.

"வாம்மா, கல்லாண்ட போலாம் வா."

பலமாக இழுத்தாள். நான் அவளை அப்படியே இறுக்கிக்கொண்டு தெருவில் உட்கார்ந்துவிட்டேன். அப்போது இரண்டாவது ஆட்டம் வந்தது. தூண் மடங்கியது. போர்டிகோ மொத்தமும் ஒரே பலகையாக இறங்கி, அவள் அண்ணாந்து நின்ற இடத்தை மூடியது.

புழுதி அடங்க வெகுநேரம் ஆனது. வீடு நின்றது. திறந்த கதவுக்கு உள்ளே முற்றமும் துவைகல்லும் ஒரு கீறல் இல்லாமல் வெயிலில் தெரிந்தன. மாலா அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்லாண்டதானே இருப்பேன்னு சொன்ன. ஏம்மா என்னை வுட்டுட்டு ஓடின?"