கோழிக்குத் தாடை

என் வீட்டுக்காரர் ரசலையன் மாட்டுத் தரகர். அருமனைப் பக்கம் மாடு வாங்குகிறவர்கள் அவரைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். வாயைப் பிளந்து பல்லைப் பார்த்து வயதைச் சொல்லிவிடுவார். அதனாலோ என்னவோ, எந்த உயிரின் உறுப்பையும் யாரும் பேர் மாற்றிச் சொல்லக் கூடாது அவருக்கு. கோழி என்றால் அலகு. மாட்டுக் கழுத்தில் தொங்குவது அலைதாடி. ஒருநாள் மீனைத் தூக்கிக் காட்டி, கன்னம் நல்ல சிவப்பு என்று சொல்லிவிட்டேன்.

"மீனுக்கு ஏதுட்டி கன்னம்? ஒனக்க சொந்தக்காரியா அது? செவிளுன்னு சொல்லு!"

போன மழைக்காலத்தில் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று. கால் கொஞ்சம் தேறி வருகிறது. பேச்சுதான் வரவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க நாகர்கோவிலிலிருந்து நந்தனா டீச்சர் வருகிறாள். படத்தைக் காட்டி, "இது பசு. இது பசுவோட வாய்" என்றாள். மாட்டு வாயைப் பார்த்தே பிழைத்த மனுசன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கோவம் வருது பாத்தீங்களா? நல்லதுதான்மா. சிலருக்குக் கோவத்துல வார்த்தை தானா வந்திரும்" என்றாள்.

அதைப் பிடித்துக்கொண்டேன் நான். மறுநாள் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாளை மீன் கழுவினேன். "மீனுக்க மூக்கு நல்ல செவப்பு, பாத்தியளா?" என்றேன். அவர் கண் சுருங்கியது.

மருமகள் சுஜி ஓடி வந்தாள். "மாமி, ஒங்களுக்கும் என்னமும் ஆச்சா?"

"நீ சும்மா இரி மக்களே. அந்த மனுசன் என்ன ஏசட்டு."

"ஏச்சு வாங்கதுக்கு இப்பிடி ஒரு ஆசையா!"

ஆசைதான். வீட்டில் டிவி பேசுகிறது, மகன் சவூதியிலிருந்து போனில் பேசுகிறான். 'ஏட்டி' என்று கூப்பிட மட்டும் ஆள் இல்லை. அந்த ஒரு சொல்லுக்குக் காது ஏங்கிக் கிடக்கிறது.

நேற்றுச் சாயங்காலம் அவருக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். கோழி ஒன்று படியேறி வந்தது.

"இந்தக் கோழிக்குத் தாடை கொஞ்சம் கோணலோ?" என்றேன்.

இடது கையால் கட்டிலை ஓங்கி அடித்தார். வாயைத் திறந்தார். தொண்டையில் என்னவோ உருண்டது, கழுத்து நரம்பு புடைத்தது. சுஜியும் வாசலிலேயே நின்றுவிட்டாள். வெறும் காற்றுதான் வந்தது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

பாவி, என்ன காரியம் செய்தேன்! "போட்டும், போட்டும். இனி கேக்கல்ல" என்று எழுந்தேன்.

சட்டென்று அவர் கை என் தாடையைப் பிடித்தது. எலும்பு தெரிய அழுத்தி, ஆட்டிக் காட்டினார். பிறகு கோழியைச் சுட்டி, இல்லை என்று விரலை அசைத்தார். படுத்ததிலிருந்து நான்தான் அவரைத் தொட்டுக் குளிப்பாட்டுகிறேன், துடைக்கிறேன். அவர் கை என்மேல் பட்டதே இல்லை.

அந்தக் கையைப் பிடித்து மறுபடியும் என் தாடையில் வைத்துக்கொண்டேன்.

"செரி, இது தாடை. அப்பம் கோழிக்கு?"

கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. அவருடைய உதடு அசைந்தது. நான் குனிந்து காதைக் கொடுத்தேன்.