அண்ணனுக்காகப் பிடித்த பலகை

அந்த வருஷம் மோட்டார் பைக் பந்தயத்தின் அறுநூறு சிசி பிரிவில் இத்தாலியின் தேசியப் பட்டத்துக்குக் கடைசிப் பந்தயம் வரை மல்லுக்கட்டியவர்கள் இரண்டே பேர். ஒருத்தன் என் அண்ணன் எர்மெஸ். இன்னொருத்தன் என் புருஷன் நேவியோ.

கல்யாணத்துக்கு வெகு காலம் முன்பிருந்தே அண்ணனுக்குப் பலகை பிடிப்பவள் நான்தான். ஓடுதளத்தை ஒட்டிய சுவரில் சாய்ந்துகொண்டு, அவன் ஒவ்வொரு சுற்றும் எங்களைக் கடக்கும்போது, பக்கத்தில் வருபவன் யார், எத்தனை நொடி இடைவெளி என்று எழுதிக்காட்ட வேண்டும். கல்யாணம் ஆனதும், விட்டுவிடட்டுமா என்று நேவியோவிடம் கேட்டேன்.

"நீ பிடிக்கலன்னா மச்சான் ரேஸ் முடிஞ்சது தெரியாம ரிமினி வரைக்கும் ஓட்டிக்கிட்டே போயிடுவான். நீயே பிடி" என்று சிரித்தான்.

கடைசிப் பந்தயம் இமோலா ஓடுதளத்தில். நேவியோ இரண்டு புள்ளி முன்னால் இருந்தான். ஆனால் எர்மெஸும் அவனும்தான் எப்போதும் முதல் இரண்டு இடம் என்பதால், அன்று எவன் முந்துகிறானோ பட்டம் அவனுக்கு என்றே எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அதற்கு முந்தைய வாரம் மண் தளத்தில் பயிற்சி செய்யும்போது நேவியோ விழுந்தான். இடது தோளின் காறை எலும்பு முறிந்தது. உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். ஓட்டலாம் என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. அவனைக் குளிப்பாட்டிவிட்டு, சட்டை மாட்டிவிட்டு, ஷூ கயிறு கட்டிவிட்டுக் கொண்டிருந்தேன். அந்தக் கையோடு அவன் போகப்போகிறான்.

அம்மா கொடுத்தனுப்பிய சூப்போடு அண்ணன் பார்க்க வந்தான். நேவியோ ஒரு ரொட்டியைப் பிய்க்கத் திணறுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாப்பிள்ளை, ஒரு ரொட்டிய ரெண்டாக்க முடியல. கிளட்ச் எப்படிப் பிடிப்ப?"

"கிளம்பும்போது ஒரு தடவை பிடிச்சாப் போதும். அப்புறம் உனக்கு என் பின் டயர்தான் தெரியும்."

அண்ணன் சிரிக்கவில்லை. "எனக்குக் காய்ச்சல்னு சொல்லி வராம இருந்துடட்டுமா?"

ரொட்டித் துண்டு பறந்துவந்து அவன் நெற்றியில் பட்டது. "பரிதாபப்பட்டு விட்டுக்கொடுத்துப் பாரு, உன் தங்கச்சிய உன் வீட்டுலயே கொண்டுவந்து விட்டுடுவேன்."

"ஐயையோ, தேலியாவா? வேண்டாம்பா, நான் ஜெயிச்சே தொலைக்கறேன்."

வாசல் வரைக்கும் போனேன். அண்ணன் கார்ச் சாவியை உருட்டிக்கொண்டு நின்றான். வயசு முப்பத்தாறு. பல வருஷமாக ஓட்டியும் பட்டம் இல்லை. இதை விட்டால் இனி இல்லை என்று அவனுக்கும் தெரியும்.

"நான் அவன முந்தினா நீ என்கூடப் பேசுவியா?"

"பேசலன்னா என்ன பண்ணுவ?"

"அப்பவும் முந்துவேன். ஆனா ரேஸ் முழுக்க அதையே நெனச்சுக்கிட்டிருப்பேன்."

"பேசுவேன். போ."

பந்தயம் தொடங்கியதுமே நேவியோ முன்னால் பாய்ந்தான். அண்ணன் அவன் வாலைப் பிடித்துக்கொண்டான். மற்றவர்கள் எல்லாம் பின்தங்கிப் போனார்கள். நான் ஒவ்வொரு சுற்றுக்கும் பலகையில் புருஷன் பெயரை எழுதி அண்ணனுக்குக் காட்டினேன். பாதிப் பந்தயத்துக்கு மேல், இறக்கத்தில் வேகத்தைக் குறைக்கும் ரிவாட்ஸா வளைவில், உடம்பின் பாரம் முழுக்கக் கைகளில் இறங்கும் இடத்தில், நேவியோவின் இடது முழங்கை மடங்குவதைச் சுவரோரத்து டிவி திரையில் பார்த்தேன். அண்ணனும் பார்த்திருக்கிறான். அடுத்த சுற்றில் அங்கேயே உள்பக்கம் புகுந்து முந்தினான்.

நேவியோ விடவில்லை. விலகிப் போவான், திரும்ப ஒட்டிக்கொள்வான். கடைசிச் சுற்று ஆரம்பித்தபோது இருவருக்கும் நடுவில் ஒரு வண்டி நீளம்கூட இல்லை. ரிவாட்ஸாவில் நேவியோ வெளிப்பக்கமாக முந்தப் பார்த்தான். கை தாங்கவில்லை. வண்டி வளைவை விட்டு விலகிப் போய், ஓடுதளத்தின் விளிம்பில் உரசி, எப்படியோ நிமிர்ந்தது. அண்ணன் ஜெயித்தான். நேவியோ இரண்டாவது.

ஜெயித்தவன் மெதுவாக ஒரு சுற்று வந்து கையசைக்க வேண்டும். இரண்டு பேரையும் காணோம். மறுபடி திரையில்தான் பார்த்தேன். நேவியோ புல்லில் வண்டியை நிறுத்தியிருந்தான், இடது கை கைப்பிடியை விட்டு வரவில்லை. அண்ணன் பக்கத்தில் மண்டியிட்டு அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கையுறையோடு தேய்த்துவிட்டுக் கொண்டிருந்தான். கொஞ்சம் கழித்து அவனைத் தன் பின்னால் உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு வந்தான். கூட்டம் எழுந்து நின்று கத்தியது.

யாரிடம் முதலில் போவது என்று தெரியாமல் நின்றேன்.

"முதல்ல உன் ஆள இறக்கு. என் முதுகே உடைஞ்சிடும்" என்றான் அண்ணன்.

"ஜெயிச்சவனப் பாருடி" என்றான் நேவியோ.

இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டேன். தலைக்கவசங்கள் என் தலையில் இடித்தன.

"ஏண்டி, கடைசி லேப்புல வெறும் பலகையக் காட்டின? இவன் எங்க வர்றான்னு தெரியாம செத்தேன்" என்றான் அண்ணன்.

"அழுதுகிட்டிருந்தேன். எழுத முடியல."

மேடையில் நேவியோ நன்றாகவே சிரித்தான். அண்ணனின் கன்னத்தில் முத்தமிட்டான். நேவியோவால் ஷாம்பெயின் பாட்டிலைக் குலுக்க முடியாததால் அண்ணனே அதையும் குலுக்கி, அவன் தலையிலேயே ஊற்றினான்.

எங்கள் வேனுக்குள் வந்து கதவைச் சாத்தியதும்தான் நேவியோ உடைந்தான். என் மடியில் முகம் புதைத்து அழுதான்.

"கை மட்டும் தாங்கியிருந்தா முந்தியிருப்பேன் தேலியா."

"தெரியும்."

"நெசமாவே முந்தியிருப்பேன்."

"தெரியும்டா."

கதவு திறந்தது. அண்ணன் உள்ளே எட்டிப் பார்த்தான். சத்தமில்லாமல் மறுபடி சாத்தினான். வெளியே நிருபர்கள் வந்து கேட்பதும் அவன் பதில் சொல்வதும் காதில் விழுந்தன.

"மாப்பிள்ளை டிரஸ் மாத்தறான். கொஞ்சம் நேரம் ஆகும். அதுவரைக்கும் என்னையே படம் எடுங்க, நானும் ஒண்ணும் மோசமில்ல."